விலை கூறத் தெரியாத விற்பனைப் பட்டம்

மேனிலைப் பள்ளித் தேர்வின் முடிவுகள் வெளிவரும் ஒவ்வோராண்டும், போடிநாயக்கனூர், சிலமலை, தேவாரம், கோம்பை ஆகிய ஊர்களின் உழைப்பாளர் இல்லங்களில் ஒரே வினா எழுகின்றது: அடுத்து எதைப் படிப்பது? மருத்துவமும் பொறியியலும் கைக்கெட்டாதவர்க்கு இந்நாளில் பரவலாகச் சொல்லப்பெறும் விடை, வணிக மேலாண்மைப் பட்டம். அதிலும் 'மார்க்கெட்டிங்' என்று ஆங்கிலத்தில் முழங்கப்பெறும் சந்தையியலுக்குத் தனிக் கவர்ச்சி உண்டு. "இதனைப் படித்தவன் எப்பொருளையும் விற்பான், எவ்வூரிலும் பிழைப்பான்" என்பது அதனைப் பற்றி ஊரெல்லாம் பரவியிருக்கும் பேச்சு.

நாம் எழுப்பவிருக்கும் வினா வேறு. எப்பொருளையும் விற்கக் கற்பிக்கும் அப்பட்டம், நம் தலைக்குமேல் நிற்கும் மலையில் விளையும் ஒரு பொருளைப் பற்றியேனும் நம் பிள்ளைகட்குத் தெளிவு தருகின்றதா? அப்பொருளின் விலை எவ்வாறு ஏறுகின்றது, எவ்வாறு இறங்குகின்றது, அவ்விலையில் விளைத்தவர்க்கு எவ்வளவு, பறித்தவர்க்கு எவ்வளவு, இடைநின்றவர்க்கு எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லும் அறிவை ஊட்டுகின்றதா? மக்கள் வரிப்பணத்தில் நடைபெறும் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்று வழங்கும் சந்தையியற் பட்டத்தை இந்தக் கோல் கொண்டுதான் அளத்தல் வேண்டும் என்பது நம் துணிபு. பட்டம் பெற்றவன் எத்தனை ஆயிரம் சம்பளம் வாங்குகின்றான் என்பது இரண்டாவது வினாவே.

முதற்கண், நம் ஊரில் உள்ள சந்தையைப் பார்ப்போம்.

ஏலம் என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். மலையில் விளையும் ஏலம் நம் மண்ணின் பழஞ்சொல். பொருளைக் கூவி, மிகுந்த விலை கேட்பவர்க்கு விற்பதைக் குறிக்கும் ஏலமோ, போர்த்துகீசியரின் 'லெயிலாவ்' என்னும் சொல்வழி வந்தது என்பர் சொல்லாய்வாளர். விளைப்பதற்கு நம் சொல். விலை வைப்பதற்கு அயற்சொல்! போடித் தெருக்களில் இவ்விரண்டு ஏலமும் வேறுபாடு தெரியாமற் கலந்துவிட்டன. மயக்கம் நேராதிருக்க, இவ்வுரையில் முன்னதை ஏலம் என்றும் பின்னதைக் கூவல் விற்பனை என்றும் வழங்குவோம்.

இந்தியாவில் விளையும் சிற்றேலத்திற் பெரும்பங்கு இடுக்கி மலைகளில் விளைகின்றது. தோட்டங்களிற் பல போடிமெட்டுக்கு அப்பால், கேரள எல்லைக்குள் உள்ளன. ஆனால் அத்தோட்டங்களில் உழைக்கும் கைகளிற் பெரும்பகுதி இப்பக்கத்துக் கைகள். விடியுமுன் எழுந்து, சோற்றுத் தூக்கைக் கையிலேந்தி, மலையேறும் ஊர்திகளில் நெருங்கி நின்று செல்லும் தாய்மாரை நம் ஊர்களில் அறியாதார் இலர். அவர்கள் பறித்த காய் உலர்ந்து, மீண்டும் மலையிறங்கிப் போடிக்கே வருகின்றது. இங்கே தரம் பிரிக்கப்பெறுகின்றது. இங்கே விலை வைக்கப்பெறுகின்றது. இங்கிருந்து வடநாட்டுக்கும் அரபு நாடுகட்கும் செல்கின்றது. சிற்றேலத்திற்குக் கூவல் விற்பனை நடைபெறும் தலையாய இடங்கள் இரண்டு. ஒன்று கேரளத்துப் புற்றடி, மற்றொன்று நம் போடி. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில், 2007ஆம் ஆண்டிலிருந்து இது கணிப்பொறி வழி நடைபெறுகின்றது. கூவுவார் இல்லாத கூவல் விற்பனை! வணிகர் தத்தம் பொறிமுன் அமர்ந்து விசையை அழுத்துகின்றனர். சில நொடிகளில் ஒரு குவியலின் விலை முடிந்துவிடுகின்றது. ஓராண்டு உழைப்பின் பயன் அச்சில நொடிகளில் முடிவாகின்றது.

அச்சில நொடிகளுக்குள் எத்துணைக் கல்வி அடங்கிக் கிடக்கின்றது என்று பாருங்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ உலர்காய். கழுவுதல், சூட்டறையில் உலர்த்துதல், தேய்த்துத் தூய்மை செய்தல், சல்லடையில் அளவு பிரித்தல் என ஒவ்வொரு படியிலும் விலை மாறுகின்றது. எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருங்காய்க்கு ஒரு விலை. ஏழிலிருந்து எட்டு வரை மற்றொரு விலை. அதனினும் சிறியதற்குப் பிறிதொரு விலை. பச்சை நிறம் மாறாதிருக்கின்றதா, ஒரு லிட்டர் அளவையில் காய் எத்தனை கிராம் நிற்கின்றது, ஈரம் எவ்வளவு, பூச்சிக்கொல்லியின் எச்சம் உண்டா என்பனவெல்லாம் விலையை ஏற்றவும் இறக்கவும் வல்லவை. எழுத்தறியாத ஒரு தாய் காயைக் கையில் அள்ளிய அளவிலேயே இவற்றுட் பலவற்றைச் சொல்லிவிடுவாள். பட்டம் பெற்ற அவள் மகனுக்கு இவை தெரியா. அவன் பாடத்தில் இவை இல்லை.

விலையின் ஏற்ற இறக்கமோ தலைசுற்ற வைப்பது. 2019ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் புற்றடியில் ஒரு குவியல் கிலோ 7,000 உருபா என்னும் உச்சத்தைத் தொட்டது. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளமும் அடுத்துவந்த கோடையின் வறட்சியும் செடிகளை அழித்து வரத்தைச் சுருக்கியமையே அதற்குத் தலையாய கரணியம். உச்சவிலை கண்டு மகிழ்ந்து, கடன்பட்டுத் தோட்டம் குத்தகைக்கு எடுத்தவர் பலர். மூன்றாண்டு கழிவதற்குள், 2022இல், கூவல் விற்பனையின் நடுத்தர விலை 1,000 உருபாவிற்கும் கீழே வீழ்ந்தது. ஏழாயிரம் எங்கே, ஆயிரம் எங்கே! இவ்வீழ்ச்சியை முன்னுணர ஓரளவேனும் வழியிருந்ததா? மழையளவு, நடவுப் பரப்பு, குவாத்தமாலாவின் விளைச்சல், அரபு நாட்டுத் தேவை, வடநாட்டுத் திருவிழாக்காலக் கொள்முதல் ஆகியவற்றை ஒருங்கு வைத்துப் பார்க்கும் ஒருவர் நம் ஊரில் இருந்திருப்பின், குத்தகைக்குக் கையெழுத்திட்ட சிலரையேனும் தடுத்திருக்கக் கூடுமன்றோ?

குவாத்தமாலா என்றோம். ஏலத்தின் பிறப்பிடம் நம் மேற்கு மலைத்தொடர். கடல்கடந்த நடு அமெரிக்க நாடாகிய குவாத்தமாலாவுக்கு அது கொண்டுசெல்லப்பெற்றது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான். இன்று ஞாலத்தில் ஏலத்தை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடு அதுவே. இத்தனைக்கும் அந்நாட்டார் தம் உணவில் ஏலத்தை மிகுதியாகச் சேர்ப்பவரல்லர். அவர்தம் ஏலம் அரபியரின் குளம்பிக் குவளைக்காகவே விளைகின்றது. பிறந்த இடத்தை விட்டு ஒரு பொருளின் முதன்மை எவ்வாறு பெயர்ந்தது என்பதைவிட நல்ல சந்தையியற் பாடம் வேறு எங்கே கிடைக்கும்?

இனிப் பட்டத்திற்கு வருவோம்.

தேனி மாவட்டத்துக் கலைக் கல்லூரிகளிற் பல இணைந்திருக்கும் பல்கலைக்கழகம் மதுரைப் பல்கலைக்கழகம். 1966ஆம் ஆண்டு தோன்றிய அதன் முதல் துணைவேந்தர், பன்மொழிப் புலவர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார், தமிழறிஞர் ஒருவர் தொடங்கிவைத்த கல்விக்கூடம் அது. 1978இல் அது காமராசர் பெயரைத் தாங்கிற்று. ஏழைப் பிள்ளைகள் கற்க வேண்டுமென்று பள்ளிகளைத் திறந்த ஒருவரின் பெயர் அது. போடியிலேயே ஏலத் தோட்டத்தார் அமைப்பின் பெயரைத் தாங்கிய கல்லூரி ஒன்று இப்பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடைபெறுகின்றது. இத்தகைய மண்ணில் சந்தையியல் கற்பிக்க அமைந்த வாய்ப்பு, தமிழ்நாட்டில் வேறெவ்வூருக்கும் எளிதில் வாய்க்காதது.

பட்டத்தின் நன்மைகளை நடுநிலையோடு முதலிற் கூறிவிடுவோம். பொதுப் பல்கலைக்கழகத்தின் வழி வருவதால், தனியார் மேலாண்மைக் கூடங்களை நோக்க இதன் செலவு குறைவு. குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி வாயிலை மிதிக்கும் பெண்மக்கள் பலர்க்கு இது கதவு திறந்துள்ளது. கணக்கியல், வணிகச் சட்டம், புள்ளியியல் ஆகியவற்றின் அடிப்படையை இது தருகின்றது. இவை சிறியன அல்ல. இப்பட்டத்தை ஒழித்துவிட வேண்டும் என்பார் கட்சியில் நாம் இல்லை.

நம்மவருள்ளேயே சிலர், "விற்பனைக் கல்வி என்பது பொய்யை அழகாகச் சொல்லக் கற்பது, தமிழனுக்கு அது வேண்டா" என்பர். அக்கூற்றை நாம் ஏற்கவில்லை. மதுரை நகரத்து நாளங்காடியும் அல்லங்காடியும் மதுரைக்காஞ்சியில் இடம்பெற்றன. வணிகம் தமிழனுக்கு இழிதொழிலன்று. பழம்பெருமையைப் பேசிவிட்டு இற்றைச் சந்தையை அறியாதிருப்பதுதான் இழிவு. சந்தையை அறியாதவன் சந்தையில் வீழ்வான். அவனை வீழ்த்துவதற்குப் பொய்யும் வேண்டுவதில்லை, அவன் அறியாமையே போதும்.

அவ்வாறாயின் குறை எங்கே உள்ளது? மூன்று இடங்களில் உள்ளது.

முதற் குறை, பாடம் எவருடைய இருக்கையிலிருந்து சந்தையைப் பார்க்கின்றது என்பதில். மதுரையாயினும் தமிழ்நாட்டின் பிற பொதுப் பல்கலைக்கழகமாயினும் சந்தையியற் பாடத்தின் கட்டுக்கோப்பு ஏறத்தாழ ஒன்றே. 2023இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் வகுத்த மாதிரிப் பாடத்திட்டங்கள் இவ்வொருமையை மேலும் இறுக்கிவிட்டன. சந்தையின் வரையறை, சந்தையைப் பகுத்தல், நுகர்வோர் நடத்தை, பொருளின் வாழ்நாட் படிகள், விலையிடல், வழங்கும் வழிகள், விளம்பரம் என்று பாடம் செல்லும். பொருள், விலை, இடம், பரப்புதல் என்னும் நான்கு கூறுகளை அமெரிக்கப் பேராசிரியர் செரோம் மெக்கார்த்தி 1960இல் வகுத்தார். பிலிப்பு கோட்லரின் பெருநூல் 1967இல் வெளிவந்தது. இன்றும் நம் வகுப்பறைகளின் முதுகெலும்பு இவையே.

இவர்தம் அறிவை நாம் குறைகூறவில்லை. ஆனால் இந்நூல்களில் 'விலையிடல்' என்னும் அதிகாரத்தைப் பாருங்கள். விற்பவன் தன் பொருளுக்குத் தானே விலை வைப்பதாக அது தொடங்கும். பெரிய நிறுமத்திற்கு அது பொருந்தும். தன் காயைப் போடிக்கு அனுப்பிய இரண்டேக்கர் உழவருக்கு அது பொருந்துமா? அவர் விலை வைப்பவரல்லர். வைத்த விலையை ஏற்பவர். 'வணிகப் பெயர்' என்னும் அதிகாரத்தைப் பாருங்கள். இம்மலைகளில் விளையும் ஏலம் ஞாலச் சந்தையில் 'ஆலப்புழைப் பச்சை' என்று கடற்கரைத் துறைமுகம் ஒன்றின் பெயரால் வழங்குகின்றது. புவிசார் குறியீடும் அப்பெயராலேயே பெற்றுள்ளது. ஏற்றுமதித் தரப்பெயர்களின் தலையிலும் அத்துறைமுகத்தின் பெயரே நிற்கின்றது. விளைந்த மலையின் பெயர் ஏன் நிலைக்கவில்லை, விற்ற துறையின் பெயர் ஏன் நிலைத்தது என்று ஒரு மாணவன் ஆய்ந்தால், பெயரின் வலிமையைப் பற்றி அவனுக்கு வேறு பாடமே வேண்டா. நம் பாடநூலோ அவனை அயல்நாட்டுக் குளிர்நீர்ப் புட்டியின் பெயரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும்.

சுருங்கச் சொன்னால், பாடம் முழுவதும் விற்கும் நிறுமத்தின் இருக்கையிலிருந்து பார்க்கின்றது. விளைப்பவரின் திண்ணையிலிருந்து ஒருமுறையேனும் அது பார்ப்பதில்லை.

இரண்டாம் குறை, மொழி. வணிகவியல் இளங்கலைக்குத் தமிழ்வழி வகுப்புகள் அரசுக் கல்லூரிகள் சிலவற்றில் உண்டு. மேலாண்மைப் பட்டங்களோ பெரும்பாலும் ஆங்கில வழியே நடைபெறுகின்றன. போடிச் சந்தை ஆங்கிலத்தில் இயங்குவதில்லை. வரத்து, இருப்பு, தரகு, கழிவு, முன்பணம், மாதிரி, குவியல், நிலுவை, தரம்பிரிப்பு என்று அது தமிழில் இயங்குகின்றது. எல்லைக்கு அப்பால் மலையாளத்திலும், வடக்கே செல்லுங்கால் இந்தியிலும் பேசுகின்றது. இத்தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றும் நூற்றாண்டுப் பட்டறிவின் சாறு. இவற்றிற்கு ஈடான ஆங்கிலச் சொல்லை உருப்போட்டுத் தேர்வில் எழுதும் மாணவனுக்கு, அது தன் தாய் நாள்தோறும் பேசும் சொல்லே என்பது இறுதிவரை தெரியாமற் போகின்றது. அறிந்த பொருளை அறியாத சொல்லாற் கற்பித்தலைவிட வீண் உழைப்பு வேறில்லை.

தமிழில் எழுதப்பெறும் சிற்சில நூல்களும் 'சந்தைப்படுத்துதல்' என்னும் நலிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. படுத்துதல் என்றால் ஒன்றை ஒரு நிலைக்கு உள்ளாக்குதல். பொருளைச் சந்தைக்குள் தள்ளுவதே இக்கல்வியின் முழுமை என்று அச்சொல் மயக்குகின்றது. சந்தையை ஆராய்ந்து அறிவது தலை. பொருளைத் தள்ளுவது வால். சந்தையியல் என்னும் சொல்லே இத்துறைக்குத் தகும். சொல் பிழைத்தால் பொருளும் பிழைக்கும் என்பதற்கு இஃதொரு சான்று.

மூன்றாம் குறை, கற்பிக்கும் முறை. அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் மேலாண்மைப் பட்டங்கள் அரசு உதவியின்றி, மாணவர் கட்டணத்தையே நம்பிய தன்பணப் பிரிவுகளாக நடைபெறுகின்றன. அங்குப் பணிபுரியும் இளைய ஆசிரியர்க்குச் சம்பளம் குறைவு, பணிப் பாதுகாப்பு இல்லை, ஆய்வுக்கு நேரமில்லை. அவர்களை நாம் நொந்துகொள்வது முறையன்று. வகுப்பறையில் நூற்சுருக்கம் ஓதப்பெறுகின்றது. தேர்வில் அது திரும்ப எழுதப்பெறுகின்றது. இறுதியாண்டில் எழுதவேண்டிய ஆய்வேடோ, 'வாடிக்கையாளர் மனநிறைவு' பற்றி ஐம்பது பேரிடம் வினாத்தாள் நிரப்பி வாங்கிய பழைய ஏடுகளின் படியாகப் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. கூப்பிடு தொலைவில் ஏலச் சந்தை நடக்க, அதன் வாயிலையும் மிதியாமல் சந்தையியற் பட்டம் பெற்று வெளியேறுவோர் நம் நடுவில் உள்ளனர்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றைக் கூறுதல் வேண்டும். எந்த அமெரிக்க நாட்டு நூல்களை நாம் உருப்போடுகின்றோமோ, அந்நாட்டிலேயே சந்தையியல் எவ்வாறு பிறந்தது தெரியுமா? அது குளிர்நீர்ப் புட்டியிற் பிறக்கவில்லை. உழவர் முற்றத்திற் பிறந்தது. 1902இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பொருள் வழங்கீட்டைப் பற்றிய பாடம் தொடங்கிற்று. விசுகான்சின், மின்னசோட்டா ஆகிய உழவு மாநிலங்களின் பொதுப் பல்கலைக்கழகங்கள் அடுத்த ஆண்டுகளில் அத்துறையை வளர்த்தன. அந்நாட்டு உழவர் அன்று கேட்ட வினா நம் உழவர் இன்று கேட்கும் வினாவே: "நான் விற்ற விலைக்கும் நகரத்தான் வாங்கும் விலைக்கும் இடையிலுள்ள பணம் எங்கே போகின்றது?"

மின்னசோட்டாவில் எல். டி. எச். வெல்டு என்னும் இளம் பேராசிரியர், 1913ஆம் ஆண்டளவில் அவ்வினாவுக்கு விடைகாணப் புறப்பட்டார். அவர் நூலகத்தில் அமர்ந்து விடை தேடவில்லை. அம்மாநிலத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்ட வெண்ணெயையும் முட்டையையும் பெருநகரங்கள் வரை பின்தொடர்ந்தார். ஒவ்வொரு கையிலும் எவ்வளவு பணம் நின்றது, அக்கை அதற்கு என்ன வேலை செய்தது என்று எழுதினார். 1916இல் அவர்தம் ஆய்வு உழவுப் பொருட் சந்தையைப் பற்றிய நூலாக வெளிவந்தது. இடைநின்றார் எல்லாரும் கொள்ளைக்காரர் அல்லர், அவருட் பலர் செய்யும் வேலை தேவையானதே என்று அவர் கண்டதைச் சொன்னபோது உழவர் தரப்பினர் சினங்கொண்டனர். சட்டமன்றக் குழுக்களின் முன் அவர் விடையிறுக்க நேர்ந்தது. ஆயினும் கண்டதைச் சொன்னார். பொதுப் பல்கலைக்கழகத்தின் கடமை அதுதான். உழவர்க்கு இனிக்கும் பொய்யும் வேண்டா, வணிகர்க்கு இனிக்கும் பொய்யும் வேண்டா, கணக்கு வேண்டும்.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு இல்லாமலில்லை. பால் கூட்டுறவுக்கு வேண்டிய ஆட்களை நகர மேலாண்மைக் கூடங்கள் தாரா என்று கண்ட வர்கீசு குரியன், 1979இல் குசராத்தின் ஆனந்து நகரில் ஊரக மேலாண்மைக்கென்றே தனிக் கல்விக்கூடம் அமைத்தார். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விளைபொருள்களின் விலையைக் கணித்து உழவர்க்கு அறிவிக்கும் பிரிவு ஒன்றை நடத்துகின்றது. அப்பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி நம் மாவட்டத்துப் பெரியகுளத்திலேயே உள்ளது. வேளாண் கல்வியார் செய்வதைக் கலைக் கல்லூரியின் சந்தையியலார் ஏன் செய்தல் ஆகாது?

"பல்கலைக்கழகங்களே பணமின்றித் தள்ளாடுகின்றன, புதிய முயற்சிக்கு வழியேது?" என்று கேட்பார் உளர். மெய்தான். 2023, 2024ஆம் ஆண்டுகளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்க்கும் ஓய்வூதியர்க்கும் திங்கள்தோறும் ஊதியம் வழங்கவே இடர்ப்பட்டதை நாளிதழ்கள் எழுதின. பொதுக் கல்விக்கூடத்தை இந்நிலைக்கு விட்டது ஆட்சியாளர்க்கு அழகன்று. அதனை மீட்டெடுப்பது அரசின் கடன். ஆனால் நாம் கேட்பவை பெருஞ்செலவு கேட்பவை அல்ல. அவற்றை வரிசையாகக் கூறுவோம்.

ஒன்று: சந்தையியல் கற்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் தன் வட்டாரத்து விளைபொருள் ஒன்றைத் தனித்தாளாக வைத்தல் வேண்டும். போடிக்கு ஏலம், கம்பத்துக்கு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை, மற்ற ஊர்க்கு அவ்வவ்வூர்ப் பொருள். பாடத்திட்டம் ஒருமைப்படலாம், மண் ஒருமைப்படாது.

இரண்டு: இறுதியாண்டு மாணவன் ஒவ்வொருவனும் ஒரு குவியல் ஏலத்தைத் தோட்டத்திலிருந்து கடைவரை பின்தொடர்ந்து கணக்கெழுதுதல் வேண்டும். பறிகூலி எவ்வளவு, விறகு எவ்வளவு, தரகு எவ்வளவு, வண்டிக்கூலி எவ்வளவு, பணம் எத்தனை நாளிற் கைக்கு வந்தது என்பது அவனது ஆய்வேடு. நறுமணப் பொருள் வாரியம் ஒவ்வொரு கூவல் விற்பனைக்கும் குவியல் எண்ணிக்கை, வரத்தளவு, விற்ற அளவு, உச்ச விலை, நடுத்தர விலை ஆகியவற்றை வெளியிட்டு வருகின்றது. அவ்வெண்கள் எவர்க்கும் விலையின்றிக் கிடைப்பவை. வாங்கிய காயையே வணிகர் சிலர் மீண்டும் குவியலிற் சேர்த்து வரத்தைப் பெருக்கிக் காட்டுவதால் விலை சாய்கின்றது என்று உழவர் நெடுநாளாக முறையிடுகின்றனர். அம்முறையீடு எவ்வளவிற்கு மெய் என்று எண்களைக்கொண்டு காட்டும் ஆய்வேடு ஒன்று, ஐம்பது பேரிடம் வாங்கிய மனநிறைவு வினாத்தாள்களினும் நூறு மடங்கு பயன்படுமன்றோ!

மூன்று: பாடமும் ஆய்வேடும் தேர்வும் தமிழில் அமைதல் வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் முன்னாளில் கல்லூரித் துறைகட்கெல்லாம் தமிழில் நூல்கள் வெளியிட்ட பெருமையுடையது. அப்பணி சந்தையியலுக்கும் விரிதல் வேண்டும். கலைச்சொல்லை அகரமுதலியிலிருந்து மட்டும் ஆக்காமல், போடித் தரகரிடமும் தரம்பிரிக்கும் பெண்டிரிடமும் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். ஆங்கிலத்தை மொழியாக நன்கு கற்கட்டும். அதனை நாம் தடுக்கவில்லை. எண்ணுவதும் கணக்கிடுவதும் தாய்மொழியில் நிகழட்டும். தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் இயற்றப்பெற்றது. 2020இல் செய்த திருத்தத்தால், பள்ளி முதற்கொண்டு தமிழ்வழியிற் படித்தவர்க்கே அது உரியதாயிற்று. பள்ளியில் தமிழ்வழி பயின்ற ஏழை மாணவனைக் கல்லூரியில் ஆங்கில வழிக்குத் துரத்தினால், சட்டம் ஒரு கையால் தந்ததைக் கல்லூரி மறுகையால் பறித்ததாகும்.

நான்கு: திங்களுக்கு ஒருமுறை, ஒரே தாளில், எளிய தமிழில், 'ஏலச் சந்தை நிலை' என்று கல்லூரி மாணவரே எழுதி வெளியிடுதல் வேண்டும். சிலமலையின் தேநீர்க் கடையிலும் சிற்றுழவர் வீட்டிலும் அது படிக்கப்பெறட்டும். கல்லூரி ஊரிலிருந்து மாணவரை வாங்குவது மட்டும் போதாது. ஊருக்கு அறிவைத் திருப்பித் தருதல் வேண்டும்.

"உள்ளூர்ப் பொருளைக் கற்றவனுக்கு வெளியூரில் வேலை கிடைக்குமா?" என்று பெற்றோர் அஞ்சலாம். அஞ்ச வேண்டுவதில்லை. ஒரு பொருளின் வழியை வேர்முதல் நுனிவரை ஆய்ந்தவன் வேறெப்பொருளின் வழியையும் ஆய வல்லவனாவான். மெக்கார்த்தியின் நான்கு கூறுகளை ஏலத்தில் வைத்துப் பார்த்தவன் அவற்றை என்றும் மறவான். வெறுமனே உருப்போட்டவன் தேர்வறை வாயிலிலேயே விட்டுவருவான். இன்று பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் பலர் நகரங்களில் கைப்பேசிக் கடைகளிலும் கடன் நிறுமங்களிலும் நின்று, பிறர் வைத்த இலக்குக்காகப் பிறர் பொருளை விற்கின்றனர். உழைத்துண்பது இழிவன்று. ஆயினும் மூன்றாண்டுக் கல்வி அதற்கு மட்டுமா? ஓர் உழவர் ஆக்கக் குழுமத்தை நடத்தவும், ஒரு கூட்டுறவின் கணக்கை ஆயவும், தன் ஊர்ப் பொருளைத் தன் ஊர்ப் பெயராலேயே விற்கவும் வல்லவராக அவர்கள் ஏன் வருதல் ஆகாது?

ஆகவே பெற்றோரே, பிள்ளையைச் சேர்க்கும் முன் கல்லூரியில் ஒரு வினாவைத் துணிந்து கேளுங்கள்: "இப்பட்டம் முடித்தால், என் பிள்ளை ஒரு கிலோ ஏலத்தின் விலையைப் பிரித்துச் சொல்லுமா?" மாணவரே, உங்கள் ஆய்வேட்டுக்குப் பொருள் தேடி அயலூர் போகாதீர்கள், உங்கள் தாய் தூக்குச் சட்டியோடு ஏறும் மலையிலேயே அது உள்ளது. கல்லூரி ஆசிரியப் பெருமக்களே, பாடத்திட்டக் குழுவில் உங்களுள் ஒருவர் எழுந்து இதனைக் கேட்டால் போதும். தீ அங்கிருந்து பற்றும். பல்கலைக்கழகத்தை ஆள்வோரே, தமிழ்ப் பேரறிஞர் ஒருவர் தொடங்கிவைத்த இல்லம் உங்களுடையது. மக்கள் மொழியில் மக்கள் சந்தையைக் கற்பிப்பது உங்கட்குச் சிறுமையன்று.

நம் பெண்டிர் பறித்த பொருளுக்கு எவரோ விலை சொல்ல, அவ்விலையின் பொருளும் விளங்காமல் நம் பிள்ளைகள் பட்டத்தோடு நிற்கும் நிலை இனியும் தொடர்தல் ஆகாது. விலை சொல்லும் உரிமை ஒரு நாளில் வந்துவிடாது. விலையை அறியும் அறிவு வந்தால், அவ்வுரிமையைக் கேட்கும் துணிவு தானே வரும். அவ்வறிவைத் தருவதே பொதுப் பல்கலைக்கழகத்துச் சந்தையியற் பட்டத்தின் முதற்கடன். அக்கடனைத் தீர்க்கும் நாள் வரை அப்பட்டம் அரைப்பட்டமே!